குழந்தையின் மனம் வளரும் விதம்: கைக்குழந்தை முதல் பதின்பருவம் வரை, எல்லையோர வீடுகளுக்கான முழு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்தின் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்துத் தமிழ் வீடுகளில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது மொழிக் கவலைதான். வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் மலையாளம், டிவியில் இரண்டும். இரண்டு வயதாகியும் பிள்ளை சரியாகப் பேசவில்லையென்றால் "ரெண்டு பாஷையைப் போட்டுக் குழப்பிட்டீங்க" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். பழி பெரும்பாலும் மருமகள் தலையில் விழுகிறது. அதே வீட்டில் பதின்மூன்று வயதுப் பையன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டால் "எல்லாம் அந்த போனால வந்தது" என்று தீர்ப்பு. இரண்டு இடத்திலும் பிள்ளையின் வயதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஒவ்வொரு வயதிலும் பிள்ளையின் மனம் ஏதோ ஒரு வேலையில் மும்முரமாக இருக்கிறது. அந்த வேலை இன்னதென்று தெரிந்தால், சேட்டை, பிடிவாதம், பொய், எதிர்ப்பேச்சு என்று நாம் பெயர் வைத்திருப்பதில் பெரும்பகுதி வளர்ச்சிதான் என்பது புரியும். உண்மையிலேயே டாக்டரிடம் காட்ட வேண்டியது எது என்பதும் அப்போதுதான் தெளிவாகும்.

தொடங்கும் முன்: வயதுக் கணக்கை எப்படிப் பார்ப்பது

வளர்ச்சியின் வரிசை பெரும்பாலும் மாறாது. வேகம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். தனியாக நடப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் தரும் இயல்பான இடைவெளியே ஏறக்குறைய 8 மாதம் முதல் 18 மாதம் வரை. ஆகவே பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவதைவிட, மூன்று மாதத்துக்கு முன்பு இதே குழந்தை என்ன செய்தது என்று பாருங்கள். முன்னோக்கிப் போகிறதா என்பதே முதல் கேள்வி. குறைமாதத்தில் பிறந்த குழந்தையென்றால், இரண்டு வயது வரை பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து மாதத்தை எண்ணுங்கள்.

வீட்டிலேயே பார்க்க ஒரு நல்ல கருவி நம் பக்கத்திலேயே உருவானது. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள குழந்தை வளர்ச்சி மையம் தயாரித்த வளர்ச்சிப் பரிசோதனை அட்டவணையில் இரண்டு வயது வரைக்கும் 17 குறிப்புகளே உண்டு. குழந்தையின் மாதத்துக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முழுதாக முடிந்துபோன ஏதாவது ஒன்றைக் குழந்தை இன்னும் செய்யவில்லையென்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அங்கன்வாடியில் கேட்டுப் பாருங்கள்.

படி 1: முதல் வருடம், நம்பிக்கை

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருக்கிற தூரம் அது. குரலோ வயிற்றிலிருக்கும்போதே பழகியது. 1980இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர், பிறந்து சில நாளே ஆன சிசுக்கள் தங்கள் அம்மாவின் குரலைக் கேட்பதற்காகச் சப்பும் விதத்தையே மாற்றிக்கொள்வதைக் காட்டினார்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கும்.

இந்த வருடத்து வேலை ஒன்றுதான்: "நான் அழுதால் யாராவது வருவார்களா?" என்று கண்டுபிடிப்பது. உளவியலாளர் எரிக் எரிக்சன் இதை நம்பிக்கைக்கும் அவநம்பிக்கைக்கும் இடையிலான பருவம் என்றார். "தூக்கித் தூக்கிப் பழக்காதே, அப்புறம் இறங்காது" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆனால் மேரி எய்ன்ஸ்வொர்த் வீடுவீடாகப் போய்க் கவனித்தபோது, முதல் மாதங்களில் அழுகைக்கு உடனே ஆள் வந்த குழந்தைகள் வருடக் கடைசியில் குறைவாகவே அழுதன. உகாண்டாவிலும் பிறகு அமெரிக்காவின் பால்டிமோரிலும் ஆராய்ந்தவர் அவர். ஆறு மாதம் வரைக்குமாவது தாராளமாகத் தூக்குங்கள்.

1970களில் எட்வர்ட் ட்ரானிக் செய்த ஒரு சோதனையைக் கையில் போனோடு பால் கொடுக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மா குழந்தையோடு கொஞ்சி விளையாடுவாள். பிறகு சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் வெறுமனே பார்ப்பாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாடிவிடும், பல குழந்தைகள் அழும். அம்மா மீண்டும் சிரித்தால் சிறிது நேரத்தில் தேறிவிடும். எப்போதாவது கவனம் சிதறினால் ஒன்றும் ஆகிவிடாது என்பதும் இதிலேயே இருக்கிறது.

ஏழெட்டு மாதத்தில் புது முகம் கண்டால் அழுகை தொடங்கும். திருப்பூரில் வேலை பார்த்து மாதத்துக்கொரு முறை வரும் அப்பாவைக் கண்டே வீறிடும். அப்பாக்கள் மனம் நொந்துபோக வேண்டாம். தெரிந்த முகம், தெரியாத முகம் என்று பிரிக்கத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். வந்ததும் வாங்கித் தூக்காமல், அம்மா மடியில் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், அதுவாகத் தாவி வரும்.

இந்த வரிசையைத் தமிழில் புலவர்கள் எப்போதோ கவனித்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை மூன்றாம் மாதத்தில் தொடங்கி இரண்டு மாதத்துக்கு ஒன்றாக 21ஆம் மாதம் வரை சொல்வது மரபு. செங்கீரை ஐந்தாம் மாதம்: கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது. சப்பாணி ஒன்பதாம் மாதம்: கைதட்டுவது. வருகை பதின்மூன்றாம் மாதம்: தளர்நடையிட்டு வருவது. இன்றைய அட்டவணைகளும் இந்த மூன்றையும் ஏறக்குறைய அந்தந்த மாதங்களில்தான் வைக்கின்றன. பதினைந்தாம் மாதத்து அம்புலிப் பருவம் இன்னும் சுவாரசியம். நிலாவைச் சுட்டிக் காட்டினால் குழந்தை நம் விரலைப் பார்க்காமல் நிலாவைப் பார்ப்பதும், தானே விரல் நீட்டி நமக்குக் காட்டுவதும் பேச்சு வளர்ச்சிக்கு முக்கியமான முன்னோட்டம். ஆட்டிசம் இருக்குமோ என்று பார்க்கும் மருத்துவர்கள் ஒன்றரை வயதில் கேட்கும் முதல் கேள்விகளில் "விரல் நீட்டிக் காட்டுகிறானா?" என்பதும் ஒன்று.

படி 2: ஒன்று முதல் மூன்று, பேச்சும் "நானும்"

மொழிக் கவலைக்கு இப்போது வருவோம். ஆறு மாதக் குழந்தையால் உலகத்து எந்த மொழியின் ஒலியையும் பிரித்துக் கேட்க முடியும். 1984இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும், ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் கனடாக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் இந்தி ஒலிகளை வேறுபடுத்துவதையும், ஒரு வயது நெருங்கும்போது அந்தத் திறன் வெகுவாகக் குறைந்துவிடுவதையும் காட்டினார்கள். காதில் விழும் மொழிக்கு ஏற்ப மூளை தன்னைச் சீர்படுத்திக்கொள்கிறது. ஆக, மூச்சுக்காற்றை அழுத்திச் சொல்லும் மலையாள ஒலிகளும் நம் தமிழ் ஒலிகளும் தொட்டிலிலேயே காதில் விழுந்த குழந்தைக்கு இரண்டும் சொந்தம்.

இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. "அம்மா, வெள்ளம் தா, தாகமா இருக்கு" என்று கலந்து பேசுவதும் குழப்பத்தின் அறிகுறி கிடையாது. இரண்டு மொழியும் பேசும் பெரியவர்கள் நாமும் அப்படித்தானே பேசுகிறோம். வார்த்தைகளை எண்ணும்போது மட்டும் ஒரு தவறு நடக்கிறது. தமிழில் 30 சொல், மலையாளத்தில் 25 சொல் தெரிந்த இரண்டு வயதுக் குழந்தையிடம் தமிழை மட்டும் எண்ணினால் குறைவாகத் தெரியும். இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும். "வீட்டில் ஒரே பாஷை பேசுங்கள்" என்ற அறிவுரையைக் கேட்டு, அம்மா தனக்குச் சரளமாக வராத மொழியில் அரைகுறையாகப் பேசுவதுதான் நஷ்டம். தாலாட்டும் கொஞ்சலும் கோபமும் தானாக எந்த மொழியில் வருகிறதோ அதில் பேசுங்கள்.

இரண்டு மொழி என்று சமாதானம் சொல்லிக் காத்திருக்கக் கூடாத இடங்களும் உண்டு. 12 மாதத்தில் மழலை ஒலியோ கை அசைத்து டாட்டா காட்டுவதோ எதுவும் இல்லை. 16 மாதத்தில் எந்த மொழியிலும் ஒரு சொல்லும் இல்லை. 24 மாதத்தில் "பால் வேணும்" போல இரண்டு சொல் சேர்த்துத் தானாகப் பேசவில்லை. எந்த வயதிலானாலும் பேசிக்கொண்டிருந்த பேச்சு நின்றுபோனது. இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று அம்மச்சி சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் பரிசோதனையைத் தள்ளிப்போட அது காரணம் ஆகாது.

ஒன்றரை வயதிலிருந்து இரண்டுக்குள், நெற்றியில் குழந்தைக்குத் தெரியாமல் ஒரு பொட்டு வைத்துக் கண்ணாடி முன் நிறுத்துங்கள். கண்ணாடியைத் தொடாமல் தன் நெற்றியைத் தொட்டால், "இது நான்" என்று தெரிந்துவிட்டது. அந்த 'நான்' வந்த சூட்டோடு "மாட்டேன்" வரும். கடைவீதியில் தரையில் புரண்டு அழுவது இந்த வயதின் அடையாளம். ஆசை பெரியது, சொல்ல வார்த்தை போதாது, அடக்கிக்கொள்ள மூளை இன்னும் தயாராகவில்லை. அந்த நேரத்தில் புத்திமதி ஏறாது. பத்திரமான இடத்துக்குத் தூக்கிப்போய், பக்கத்தில் அமைதியாக இருந்து, அடங்கியபின் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: "பலூன் கிடைக்கலைன்னு கோபம் வந்துச்சு, இல்லையா?" உணர்ச்சிக்குப் பெயர் கிடைத்தால் அடுத்தடுத்த வருடங்களில் புரள்வது குறைந்து சொல்வது கூடும். அழுகையை நிறுத்த அதே பலூனை வாங்கிக் கொடுத்தால் அழுகைக்குத்தான் பயிற்சி.

திரை: இரண்டு வயதுக்குள் வேண்டவே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்குள் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தது. சோறூட்டப் போனைக் காட்டுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. திண்ணையில் காக்கா காட்டி ஊட்டினால் அரை மணி நேரம் கூடுதலாகும் என்பது தெரிந்ததுதான். அந்த அரை மணியில்தான் பேச்சு வளர்கிறது.

படி 3: மூன்று முதல் ஆறு, அடுத்தவர் மனம்

எனக்குப் பிடித்த பருவம் இது. வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பிஸ்கட் டப்பாவுக்குள் பென்சில்களைப் போட்டு மூடி, மூன்று வயதுக் குழந்தையிடம் "உள்ளே என்ன?" என்று கேளுங்கள். "பிஸ்கட்." திறந்து காட்டி மூடிவிட்டு, "அக்கா இன்னும் பார்க்கலை. அவகிட்ட கேட்டா உள்ளே என்ன இருக்குன்னு சொல்லுவா?" என்று கேளுங்கள். மூன்று வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் "பென்சில்" என்பார்கள். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்பு. ஐந்து வயதில் சிரித்துக்கொண்டே "பிஸ்கட்னு சொல்லுவா" என்று பதில் வரும். அடுத்தவர் மனதில் தவறான ஓர் எண்ணம் இருக்க முடியும் என்பது இடையில் புரிந்துவிட்டது. இந்தத் திறனைத் தவறான நம்பிக்கைச் சோதனை மூலம் 1983இல் முதலில் காட்டியவர்கள் விம்மரும் பெர்னரும்.

பொய்யும் இதே நேரத்தில் வருவது தற்செயல் ஆகாது. "நான் உடைச்சது அம்மாவுக்குத் தெரியாது" என்று கணக்குப் போடத் தெரிந்தால்தான் பொய் சொல்ல முடியும். நாலு வயதுப் பொய்யைத் திருட்டுப்புத்தி என்று அடிப்பதில் பயனில்லை. விடை தெரிந்துகொண்டே "நீதானே உடைச்சே?" என்று கேட்பது பொய்க்கு வழிவிடுவதுதான். "டம்ளர் உடைஞ்சிருக்கு, வா, சேர்ந்து எடுத்துப் போடலாம்" என்பது உண்மை சொல்வதைச் சுலபமாக்கும்.

குழந்தை தனக்குத் தானே பேசிக்கொண்டு விளையாடுவதைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கியின் பார்வையில் அது சிந்தனையின் தொடக்கம். வெளியில் கேட்கும் பேச்சு மெல்ல உள்ளே இறங்கி எண்ணமாகிறது. தடுக்காதீர்கள். அவர் சொன்ன இன்னொன்றும் பெற்றோருக்கு உதவும்: பிள்ளை தனியாகச் செய்ய முடியாத, ஆனால் கொஞ்சம் கைகொடுத்தால் செய்யக்கூடிய வேலையில்தான் கற்றல் நடக்கிறது. சட்டைப் பொத்தானை நீங்களே போட்டுவிடாமல், மேல் இரண்டைப் போட்டுவிட்டு மீதியை அதனிடம் விடுங்கள். காலை பஸ்ஸுக்கு நேரமாகும்போது இது நடக்காது, ஞாயிற்றுக்கிழமை நடக்கும்.

மார்ஷ்மெல்லோ சோதனை பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டாவது கிடைக்கும். காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்கள் என்று வால்டர் மிஷலின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வைச் சொல்வார்கள். 2018இல் இன்னும் பெரிய குழுவில் பார்த்தபோது, குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது. எனக்கு அதைவிட முக்கியம் 2013இல் செலஸ்ட் கிட் குழுவினர் செய்தது. முதலில் சொன்ன வாக்கைக் காப்பாற்றிய பெரியவரோடு இருந்த குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தன. வாக்குத் தவறியவரோடு இருந்தவை 3 நிமிடம். பிள்ளைக்குப் பொறுமை வேண்டுமானால் "நாளைக்கு வாங்கித் தரேன்" என்று வாய்க்கு வந்தபடி சொல்வதை நாம் நிறுத்த வேண்டும்.

படி 4: ஆறு முதல் பத்து, "எனக்கு வருமா?"

இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒப்பீட்டளவில் அமைதியான காலம். உயரமான டம்ளரிலிருந்து அகலமான கிண்ணத்துக்கு ஊற்றினாலும் தண்ணீர் அதே அளவுதான் என்பது ஏழு வயதை ஒட்டிப் புரியும். உளவியலாளர் பியாஜே விவரித்த புகழ்பெற்ற மாற்றம் இது. கூடவே தன்னை மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடத் தொடங்கும். எரிக்சன் சொன்ன உழைப்புணர்வும் தாழ்வுணர்வும் இங்கேதான் உருவாகின்றன.

பாராட்டும் விதம் கணக்கில் வருகிறது. 1998இல் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த சோதனையில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்டவர்கள் அடுத்துக் கடினமான புதிர்களில் தோற்றதும் சோர்ந்தார்கள். "நல்லா முயற்சி செஞ்சே" என்று கேட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள்.

எல்லைப் பள்ளிகளில் பிள்ளைக்குத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று மூன்று எழுத்து. வாசிப்பில் திணறினால் ஒன்றைப் பாருங்கள்: ஒரே ஒரு மொழியில் மட்டும் திணறினால் பெரும்பாலும் பழக்கக் குறைவுதான். எல்லா மொழியிலும் எழுத்தையும் ஒலியையும் சேர்க்க முடியாமல், வாய்ப்பேச்சிலோ கெட்டிக்காரனாக இருந்தால், கற்றல் குறைபாடு உண்டா என்று பரிசோதிக்க வேண்டும். "சோம்பேறி" என்று பெயர் விழுந்துவிட்டால் அதைத் துடைப்பது கடினம். பள்ளியில் அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

படி 5: பத்து முதல் பத்தொன்பது, "நான் யார்?"

உடல் மாற்றம் பெண்களுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், பையன்களுக்கு 9 முதல் 14க்குள்ளும் தொடங்கும். அது வந்தபின் பேசலாம் என்று காத்திருந்தால் தாமதம். நம் பக்கம் மஞ்சள் நீராட்டை ஃபிளெக்ஸ் வைத்துக் கொண்டாடுகிறோம். மாமன் சீர் வரட்டும், உறவு கூடட்டும். ஆனால் ஒரு கேள்வியை முதலில் அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்: "உனக்கு இது வேணுமா?" தன்னை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்ற உணர்வு உச்சத்தில் இருக்கும் வயது அது. உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் இதைக் கற்பனைப் பார்வையாளர் கூட்டம் என்றார். முகத்தில் ஒரு பரு வந்தால் பள்ளிக்குப் போகமாட்டேன் என்பது அதனால்தான்.

மூளையில் உணர்ச்சிக்கும் ஆசைக்குமான பகுதிகள் பதின்பருவத் தொடக்கத்திலேயே வேகமெடுக்கின்றன. யோசித்து நிறுத்தும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. 2005இல் கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். தனியாக இருந்தபோது பதின்வயதினர் எடுத்த ஆபத்தைவிட, நண்பர்கள் கூட இருந்தபோது எடுத்தது மிக அதிகம். பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. உங்கள் பையன் தனியாகப் போகும்போது நிதானமாக வண்டி ஓட்டுவான், பின்னால் இரண்டு பேர் ஏறினால் அப்படி ஓட்டமாட்டான். "கவனமாப் போ" என்பதைவிட, எத்தனை பேர் போகிறார்கள் என்பதில் கறாராக இருப்பது பயன் தரும்.

இரவு பதினொன்று வரை தூக்கம் வராததற்கு போன் ஒரு காரணம். இன்னொன்று, தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இந்த வயதில் தாமதமாகச் சுரப்பது. தேவையோ 8 முதல் 10 மணி நேரம். விடியற்காலை ஐந்து மணி டியூஷனை அந்தக் கணக்கோடு பார்த்து முடிவு செய்யுங்கள்.

எல்லையோரப் பிள்ளைக்கு "நான் யார்?" என்ற கேள்வியில் ஒரு முடிச்சு கூடுதல். பாலக்காட்டுக் கல்லூரியில் அவன் தமிழன், பொள்ளாச்சியில் மாமா வீட்டில் அவன் மலையாளி. வீட்டில் இருப்பவர்களோ "நம்ம பாஷையை விட்டுடாதே" என்றோ "மலையாளம் படிச்சாத்தான் வேலை" என்றோ ஒரு பக்கம் இழுப்பார்கள். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் ஒருவராவது சொன்னால் போதும். ஓணத்துக்குப் பூக்களமும் பொங்கலுக்குக் கோலமும் ஒரே வாசலில் போட்ட பிள்ளைக்கு அது புதிதும் இல்லை.

எதிர்த்துப் பேசுவது, அறையில் தனியாக இருப்பது, நண்பர்களையே நம்புவது இவையெல்லாம் இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் சோர்வு, பிடித்த விளையாட்டையும் நண்பர்களையும் விட்டுவிடுவது, சாப்பாட்டிலும் தூக்கத்திலும் பெரிய மாற்றம், உடம்பில் கீறல், "நான் இல்லாட்டி நல்லது" என்ற பேச்சு இவை இயல்பில் சேராது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தைக் கொடுத்துவிடுவோமோ என்று அஞ்ச வேண்டாம். கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை. பதட்டப்படாமல் கேளுங்கள், தனியாக விடாதீர்கள்.

படி 6: உதவி தேடும்போது

எந்த மாநிலத்தில் காட்டுவது என்று எல்லைக் குடும்பங்கள் அலைவதுண்டு. பாலக்காடோ கோவையோ, தொடர்ந்து போய்வர வசதியான ஊரைத் தேர்ந்தெடுங்கள். பேச்சுப் பயிற்சி, செயல்முறைச் சிகிச்சை (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குவது) எல்லாம் மாதக்கணக்கில் நடப்பவை, தூரம் அதிகமானால் பாதியில் நின்றுவிடும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் பிறப்பு முதல் 18 வயது வரை அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் இலவசப் பரிசோதனை உண்டு. குறை தெரிந்தால் மாவட்ட ஆரம்பகாலத் தலையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அவசரத்துக்கு: குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416 (தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்), கேரளத்துக்குள் அரசின் சுகாதார உதவி எண் திசா 1056.

போகும்போது மூன்றை எடுத்துச் செல்லுங்கள். தடுப்பூசி அட்டை, எந்த மாதத்தில் எது வந்தது என்று எழுதிய நோட்டு, கவலை தரும் நடத்தையை வீட்டில் எடுத்த ஒரு சிறு வீடியோ. டாக்டரின் அறையில் பிள்ளை எப்போதும் வேறு மாதிரிதான் இருக்கும். பேச்சுப் பரிசோதனையென்றால் இரண்டு மொழியிலும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவருக்கு ஒரு மொழி தெரியாவிட்டால், அந்த மொழியில் பிள்ளைக்குத் தெரிந்த சொற்களை எல்லாம் நீங்களே பட்டியல் எழுதிக் கொடுங்கள்.